முந்திரி ஓட்டு எண்ணெயை டிரம்மில் காய்ச்சலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். அம்மா இருபது வருஷமாக முந்திரிக்கொட்டை உடைக்கிறார். விரல்கள் கறுத்துவிட்டன, தோல் உரிந்துகொண்டே இருக்கிறது, ரேஷன் கடை மிஷினில் கைரேகை விழுவதில்லை. நானும் மாமாவும் சேர்ந்து முந்திரித் தோலிலிருந்து எண்ணெய் எடுக்க ஒரு எக்ஸ்பெல்லர் போட்டிருக்கிறோம். எண்ணெய் வாங்க வரும் வியாபாரி ஒருவர், "டிரம்மில் ஊற்றி நன்றாகக் காய்ச்சிக் கொடுங்கள், கார்டனால் ஆகிவிடும், கூடுதல் விலை தருகிறேன்" என்கிறார். நெட்டில் பார்த்தால் கார்டனால் ஒரு பீனால் என்று போட்டிருக்கிறது. பீனால் மேலே பட்டால் ஆளே போய்விடுவான் என்று பாலிடெக்னிக் படித்த நண்பன் சொல்கிறான். மாமாவோ, "எங்கப்பா காலத்தில் கதவு நிலைக்கு இதைத்தான் பூசினார்கள், யார் செத்தார்கள்?" என்கிறார். யார் சொல்வது சரி? காய்ச்சலாமா? அம்மா கைக்கு என்ன செய்வது? வீட்டில் கரையானுக்கு இதைப் பூசலாமா?
(பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்)

பதில்: தம்பி, டிரம்மில் காய்ச்ச வேண்டாம். காரணம் கொஞ்சம் நீளமானது. படித்து முடிப்பதற்குள் மாமா அடுப்பு மூட்டிவிடக்கூடாது என்றுதான் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

பிசின் தயாரிக்கும் ஆலைகளில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் உங்கள் எண்ணெயோடுதான் போனது. தொழிலில் அதை சி.என்.எஸ்.எல். என்பார்கள். எத்தனை முறை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் இருக்கும். அதனால் உங்கள் அம்மாவின் கையை என்னால் பார்க்காமலே பார்க்க முடிகிறது.

நண்பர் சொல்வதும் மாமா சொல்வதும் பாதிப் பாதி சரி. நண்பர் பீனாலைப் பற்றிப் பேசுகிறார், நீங்கள் கேட்பது கார்டனாலை. பீனால் என்பது ஒரு பொருளின் பெயர், ஒரு பெரிய குடும்பத்தின் பெயரும் அதுவே. பென்சீன் என்கிற ஆறு கார்பன் வளையம், அதில் ஒட்டிக்கொண்ட ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி, இவ்வளவு இருந்தால் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடலாம். ஓமத்தில் மணக்கும் தைமால், கிராம்பில் உறைக்கும் யூஜினால், காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். பெயரை வைத்து விஷமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

குடும்பத்தின் மூத்தவரான வெறும் பீனால்தான் நண்பர் பயப்படுகிற ஆள். அந்தப் பயம் நியாயமானது. 1834-ல் ரூங்கே என்ற ஜெர்மானியர் நிலக்கரித் தாரிலிருந்து அதைப் பிரித்தார். 1860-களில் லிஸ்டர் என்ற டாக்டர் அறுவை சிகிச்சையில் கிருமி கொல்லப் பயன்படுத்திய கார்பாலிக் ஆசிட் அதுதான். 41 டிகிரியில் உருகும் வெள்ளைப் படிகம். உருக்கிய பீனால் தோலில் பட்டால் பட்ட இடம் வெளுத்து மரத்துப்போகும். மரத்துவிடுவதால் வலி தெரியாது. வலி தெரியாததால் ஆள் அசட்டையாக இருப்பான், அதற்குள் அது தோல் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். உடம்பில் கொஞ்சம் பரவலாகக் கொட்டினாலே உயிருக்கு ஆபத்து. பீனால் டேங்க் இருக்கிற இடத்தில் அவசர ஷவரும், துடைத்தெடுக்க பாலிஎதிலீன் கிளைக்கால் என்ற திரவமும் எப்போதும் கையெட்டும் தூரத்தில் வைத்திருப்போம்.

கார்டனால் அதே வளையம்தான். ஆனால் பின்னால் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால் இருக்கிறது. குணம் முழுக்க அந்த வாலால் மாறுகிறது. எண்ணெய் போல இருக்கும், தண்ணீரில் கரையாது, சாதாரண வெப்பத்தில் ஆவியாகிக் காற்றில் கலப்பதும் மிகக் குறைவு. பீனால் போல உடம்புக்குள் புகுந்து ஆளைச் சாய்க்கும் வேகம் இதற்குக் கிடையாது. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் மாமா ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் எக்ஸ்பெல்லரிலிருந்து வழிவது கார்டனாலே இல்லை.

கொட்டையின் ஓட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரியும். எண்ணெய் அங்கேதான் இருக்கிறது, ஓட்டின் எடையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. பச்சையாகப் பிழிந்தால் அதில் 60, 65 சதவீதம் வரை அனகார்டிக் அமிலம், 15 முதல் 20 சதவீதம் கார்டால், கார்டனால் பத்து சதவீதத்தை ஒட்டி. கார்டால், கார்டனால் என்று பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. தோலைக் கொப்பளிக்க வைப்பதில் முன்னணியில் நிற்பவை முதல் இரண்டும்தான். அணிலோ பூச்சியோ பருப்பைத் தின்றுவிடாமல் இருக்க மரம் போட்டுக்கொண்ட வேலி அது. நாம்தான் அந்த வேலியைக் கையால் பிரிக்கிறோம்.

இந்த எண்ணெயைச் சூடாக்கினால் அனகார்டிக் அமிலம் தன்னிடமுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டுக் கார்டனாலாக மாறும். வியாபாரி சொன்னதில் உண்மை அவ்வளவுதான். மீதியை அவர் சொல்லவில்லை, அல்லது அவருக்கே தெரியாது. காய்ச்சிய பிறகும் உங்களிடம் இருப்பது கார்டனால், கார்டால், கெட்டிப்பட்ட பிசின் எல்லாம் கலந்த கறுப்பு எண்ணெய்தான். தொழிலில் அதற்கு டெக்னிக்கல் சி.என்.எஸ்.எல். என்று பெயர். அதிலிருந்து கார்டனாலைத் தனியே எடுக்க ஆவியாக்கிக் குளிரவைத்து வடிக்க வேண்டும், அதுவும் வெற்றிடத்தில். திறந்த பாத்திரத்தில் கொதிநிலைக்குக் கொண்டுபோனால் கொதிப்பதற்கு முன்பே தன்னோடு தானே பிணைந்து கெட்டியாகிவிடும். வெற்றிடத்தில் இறக்கினால் 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே ஆவியாகி, வெளிர்மஞ்சள் திரவமாக வடியும். அடியில் தங்கும் கறுப்புக் குழம்பை ரெசிடால் என்பார்கள், அதற்கும் விலை உண்டு. இதற்கு வேண்டியது வெற்றிட பம்பு, கண்டென்சர், தெர்மிக் எண்ணெயில் சூடாகும் கலன். டிரம்மும் விறகும் அல்ல.

இப்போது டிரம்மில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 லிட்டர் டிரம்மில் உள்ள பச்சை எண்ணெயில் அமிலம் மட்டும் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அது முழுவதும் மாறினால் வெளியேறும் வாயு சுமார் 15 கிலோ. எடையாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். கொள்ளளவாகப் பார்த்தால் ஏழாயிரம் லிட்டருக்கு மேல். கெட்டியான எண்ணெய்க்குள்ளிருந்து இத்தனை வாயு குமிழியாகக் கிளம்பினால் என்ன ஆகும்? அடுப்பில் பால் பொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். பால் 100 டிகிரியில் பொங்குகிறது, இது 150, 160-ல் பொங்கும். பொங்கி வழிகிற இடம் விறகு எரிகிற வாய். எண்ணெயில் மழைத்தண்ணீரோ ஈரமோ இருந்தால் அது வேறு வெடித்துத் தெறிக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நேரில் பார்த்தேன். சின்ன ஆலை, பெயர் வேண்டாம். சூடாக்கும் கலனில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு லாரி காத்திருந்தது, முக்கால் அளவு நிரப்பினோம். "நிரப்பினோம்" என்று சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன், வேண்டாம் என்று நான் வாய் திறக்கவில்லை. கலக்கி ஓடிக்கொண்டிருந்தபோதே நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற உதவியாளரின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. சூட்டுக் காயம் ஒரு மாதத்தில் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு அந்த எண்ணெய் துளி பட்டாலும் அவருக்குக் கை முழுக்கத் தடித்துக்கொள்ளும். கடைசியில் பாக்கிங் பிரிவுக்கு மாறிப் போனார். எங்களிடம் வெப்பமானி இருந்தது, கலக்கி இருந்தது, புகையை இழுக்கக் குழாய் இருந்தது. உங்களிடம் டிரம்.

இன்னொன்று. காய்ச்சும்போது எழும் புகை லேசுப்பட்டதல்ல. கண் எரியும், தொண்டை அடைக்கும், முகத்தில் படிந்தால் இமை வீங்கும். எண்ணெய் சுலபத்தில் பற்றிக்கொள்ளாதுதான், ஆனால் பற்றிவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சி அணைக்கப் போகாதீர்கள், எரிகிற எண்ணெயைத் தண்ணீர் நாலு பக்கமும் தூக்கி எறியும். மணல் அல்லது நுரை அணைப்பான்தான். எக்ஸ்பெல்லர் கொட்டகையிலேயே இரண்டு வாளி மணல் இன்றைக்கே வையுங்கள். காய்ச்சாவிட்டாலும் அது வேண்டும்.

அப்படியானால் எண்ணெயில் காசு பார்க்கவே முடியாதா? முடியும். சுத்தமாக விற்றாலே விலை வரும். சி.என்.எஸ்.எல்.லுக்கு ஐ.எஸ். 840 என்று இந்தியத் தர அளவு இருக்கிறது. ஈரம் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது, 30 டிகிரியில் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட கனம்) 0.950-க்கும் 0.970-க்கும் இடையே இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வரும். அந்த அளவு சூடுபட்ட எண்ணெய்க்குப் பொருந்துவது. உங்கள் பச்சை எண்ணெயில் அமிலம் இன்னும் உள்ளே இருப்பதால் அடர்த்தி கூடுதலாகக் காட்டும். அதைக் குறை என்று சொல்லி யாராவது விலையை அடித்தால் ஏமாறாதீர்கள். பிழிந்த எண்ணெயைச் சில நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை வடிகட்டி, மூடியிறுக்கிய பாத்திரத்தில் மழை படாமல் வைத்தால் போதும். வெறும் இரும்பு டிரம்மில் மாதக்கணக்கில் விட்டால் கறுத்துத் தடிக்கும். பிளாஸ்டிக் டிரம் நல்லது. அரைகுறையாகக் காய்ச்சியதை எந்த நல்ல ஆலையும் விரும்பாது. பச்சையாகக் கொடுத்தால் அவர்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்வார்கள். பாதி கெட்டியானதைத் திரும்பப் பச்சையாக்க யாராலும் முடியாது. கூட்டத்தில் முந்திரிக்கொட்டை போல முந்திக்கொண்டு பேசுகிற வியாபாரியை விட்டு, கார்டனால் வடிக்கும் ஆலை எங்கே இருக்கிறது, அவர்கள் பச்சை எண்ணெய் வாங்குகிறார்களா என்று நேரே விசாரியுங்கள். எக்ஸ்பெல்லருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்கிவிட்டீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை. வாங்கவில்லையென்றால் அதையும் முடித்துவிடுங்கள்.

இந்தக் கறுப்பு எண்ணெய்க்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்று கேட்கலாம். பேக்லண்ட் என்ற வேதியியலாளர் 1907-ல் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்லைட் செய்தார். பழைய கறுப்பு ஸ்விட்ச், பிரஷர் குக்கர் கைப்பிடி எல்லாம் அந்த வகைதான். கடினம், சூடு தாங்கும், ஆனால் நொறுங்கும். கார்டனாலிலும் அதே வளையம் இருப்பதால் ஃபார்மால்டிஹைடோடு அதேபோலச் சேரும். வால் இருப்பதால் கிடைக்கும் பிசின் வளைந்து கொடுக்கும், தண்ணீரை ஒட்டவிடாது. அமெரிக்காவில் மார்ட்டிமர் ஹார்வி என்பவர் 1920, 30-களில் இதை வைத்து வரிசையாகக் காப்புரிமைகள் எடுத்தார். இன்றைக்கு நீங்கள் போகிற பஸ்ஸின் பிரேக் லைனிங்கில் இந்த எண்ணெயைக் கெட்டியாக்கி அரைத்த தூள் இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது கிறீச்சிடாமல், சூட்டில் பிடி நழுவாமல் இருக்க அது உதவுகிறது. கப்பல் பெயிண்டில் இதன் பங்கு எனக்கு இன்னும் பிடித்தது. எப்பாக்சி பெயிண்டை இறுகவைக்கக் கலக்கும் பொருளை கார்டனாலிலிருந்து செய்தால், குளிரிலும் ஈரப் பரப்பிலும்கூட அது இறுகும். பனிக்காலத்தில் வட நாட்டுத் துறைமுகத்தில் ஒரு கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டுக்குள் உங்கள் ஊர் மரத்தின் வேலி போய் உட்கார்ந்திருக்கும். அந்த மரமே போர்ச்சுக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது என்பது தனிக் கதை.

அம்மாவின் கைக்கு வருகிறேன். கடிதத்தில் இதை மூன்றாவதாகக் கேட்டிருக்கிறீர்கள், உண்மையில் முதல் கேள்வி இதுதான். நீங்கள் விற்கும் எண்ணெய் டிரம்முக்குள் இருக்கிறது. அவர் தொடுவது பச்சை எண்ணெய், நாள் முழுக்க, வெறும் விரலால்.

முன்பு கொட்டையைச் சுட்டு உடைத்தார்கள். ஊரே புகையாக இருந்தது, ஆனால் ஓட்டு எண்ணெயில் பெரும்பகுதி தீயில் போய்விடும். இப்போது ஆவியில் அவித்து, கால்மிதி கட்டரில் வெட்டுகிறார்கள். பருப்பு வெள்ளையாக வருகிறது, புகை குறைந்தது. ஆனால் 100 டிகிரி ஆவியில் அந்த அமிலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். புகையிலிருந்து ஊர் தப்பித்தது, எண்ணெய் கொட்டை உடைக்கிறவர் விரலுக்கு வந்து சேர்ந்தது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

தோலில் இரண்டு வகையாக வேலை நடக்கிறது. ஒன்று நேரடிப் புண்: பட்ட இடம் சில மணி நேரத்தில் எரிந்து, கறுத்து, உரியும். இது யாருக்கும் வரும். மற்றது ஒவ்வாமை: உடம்பு ஒருமுறை இந்த எண்ணெயைப் பகையாகக் குறித்துக்கொண்டால், அடுத்தமுறை துளி பட்டாலும் ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் கொப்பளமும் கிளம்பும், சில சமயம் படாத இடத்திலும். எங்கள் உதவியாளருக்கு நடந்தது இதுதான். சேராங்கொட்டைப் பால் பட்டால் புண்ணாகும் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களே, சலவைத் தொழிலாளிகள் துணியில் குறி போடப் பயன்படுத்தியது, அதுவும் மாங்காய்ப் பாலும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். அவற்றின் சாறுகளும் நெருங்கிய உறவு. அம்மாவுக்கு மாம்பழத்தைத் தோலோடு கடித்தால் உதடு தடிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் ஒவ்வாமை தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அவர் சேராங்கொட்டை சேர்ந்த மருந்து எதையும் வைத்தியரிடம் இதைச் சொல்லாமல் சாப்பிட வேண்டாம். 1982-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓட்டுத் துண்டு கலந்த முந்திரிப் பருப்பைத் தின்ற ஐம்பது பேருக்கு மேல் உடம்பெல்லாம் தடித்துப்போனது. அந்த ஊரில் இதே வகைச் செடி ஒன்று காடுமேடெல்லாம் கிடப்பதால் அவர்களில் பலருக்கு உடம்பு ஏற்கெனவே பழகிப் பகைத்திருந்தது.

கையுறை போடச் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், அம்மாவும் ஒருநாள் போட்டுப் பார்த்துக் கழற்றி வீசியிருப்பார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, கையுறை போட்டால் வேகம் குறையும், குறைகிற வேகம் அவர் கூலியில் போகும். பிரச்சினை ரப்பரில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அம்மா வேலை பார்க்கும் இடத்தில் நீங்கள் பேச முடியுமானால், கை பழகும் வரை இரண்டு மூன்று வாரத்துக்குக் கூலியைக் குறைக்காமல் தரச் சொல்லிக் கேளுங்கள். கை புண்ணாகி ஆள் நாலு நாள் வராமல் போவதைவிட முதலாளிக்கு அது மலிவு. உங்கள் கொட்டகையில் ஆள் வைத்தால் இதை நீங்களே தொடங்குங்கள்.

ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய வெள்ளைக் கையுறை இயற்கை ரப்பர், இந்த எண்ணெயில் ஊறி இளகிவிடும். துணிக் கையுறை அதைவிட மோசம், எண்ணெயைக் குடித்துத் தோலோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். நைட்ரைல் கையுறை கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் தடித்தது. பிளேடுப் பக்கம் கிழிந்தால் அன்றே மாற்ற வேண்டும், ஓட்டைக் கையுறைக்குள் எண்ணெய் போனால் வெறுங்கையைவிடக் கெடுதல். பருத்தி உள்ளுறை ஒன்று போட்டுக்கொண்டால் வியர்வை அரிக்காது, அதைத் தினமும் துவைக்க வேண்டும்.

விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உடைப்பது மூடநம்பிக்கை இல்லை. முந்திரி எண்ணெய் தோலில் நேரே ஒட்டாமல் அது இடையில் நிற்கும். ஆனால் காலையில் தடவியது மதியம் வரை தாங்காது, அடிக்கடி துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். சாம்பலைப் பற்றி எனக்கு அத்தனை நல்ல அபிப்பிராயம் இல்லை. எண்ணெயை உறிஞ்சும், வாஸ்தவம்தான். அதன் காரம் தோலை வறட்டி வெடிக்க வைக்கிறது, வெடித்த தோலுக்குள் எண்ணெய் இன்னும் சுலபமாக இறங்குகிறது. சுண்ணாம்பும் அப்படியே.

வேலை முடிந்ததும் நேரே சோப்பு போட வேண்டாம், தண்ணீர் இந்த எண்ணெயை அசைக்காது. முதலில் காய்ந்த துணியால் வழித்துத் துடைக்க வேண்டும். பிறகு கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகத் தேய்த்து மறுபடி துடைக்க வேண்டும், எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். அதன்பிறகு சோப்பும் தண்ணீரும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் கிட்டவே வேண்டாம், அவை தோலின் சொந்தப் பசையையும் கரைத்துவிடும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொப்பளத்தை உடைக்கக்கூடாது. கொப்பளத்து நீர் பட்டுப் பரவும் என்று பயப்படுவார்கள், அது பரப்பாது. பரப்புவது நகக்கண்ணிலும் புடவை முந்தானையிலும் செல்போனிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய்தான். வேலைப் புடவையைத் தனியாகத் துவைக்கட்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், அம்மா கை கழுவிய பிறகு தூக்கட்டும்.

இப்போதே உரிந்துகொண்டிருப்பதால் தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். "முந்திரிக்கொட்டை உடைக்கிறேன்" என்று வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள், இல்லையென்றால் சேற்றுப்புண், சொறி என்று மருந்து மாறிப் போகும். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும், டாக்டர் சொன்ன நாள் கணக்கோடு நிறுத்த வேண்டும். அவர் வேலை பார்க்கும் இடத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், வேலை இடத்து வேதிப்பொருளால் வரும் தோல் நோய் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவச் சீட்டில் காரணத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரையானுக்குப் பூசுவது பழைய வழக்கம்தான், மேற்குக் கடற்கரையில் வள்ளங்களுக்கே பூசினார்கள். ஆனால் தாத்தா பூசிய நிலையை எத்தனை நாள் யாரும் தொடாமல் விட்டார்கள் என்று மாமாவிடம் கேளுங்கள். பச்சை எண்ணெய் காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். பிசுபிசுப்பு போகும் வரை அது தோலைக் கடிக்கும். வேலிக் கம்பு, கொட்டகைத் தூணின் மண்ணில் புதையும் அடிப்பகுதி, இவற்றுக்குக் கையுறை போட்டு, பிரஷ்ஷால் மெல்லிசாக இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள், நன்றாக உழைக்கும். வீட்டுக் கதவு, கட்டில், தொட்டில் கட்டும் உத்தரம், மாட்டுத் தொட்டி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: எண்ணெய் எடுக்காத ஓட்டைக் கல்யாணச் சமையல் அடுப்புக்கும் டீக்கடைக்கும் விறகாகக் கொடுப்பது உங்கள் பக்கம் சகஜம். தீ பிரமாதமாக எரியும். அந்தப் புகைக்கு முன்னால் நிற்கும் சமையல்காரருக்கு நடப்பதும் டிரம் கதைதான், அளவு மட்டும் குறைவு. பிழிந்த புண்ணாக்கில் எண்ணெய் குறைவு என்பதால் புகையும் குறையும். அதையும் புகைபோக்கி உள்ள பாய்லருக்கோ செங்கல் சூளைக்கோ கொடுங்கள்.

ரேஷன் கடை விஷயம்: விரல் நுனித் தோல் மேலாக உரிந்திருந்தால் ரேகை திரும்ப வளரும். எண்ணெய் படாமல் சில வாரம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். அதுவரை, கருவிழி பார்க்கும் கருவி உள்ள கடையாக இருந்தால் அதில் பதியச் சொல்லிக் கேளுங்கள், ஆதாரில் கண்ணும் பதிவாகியிருக்கும். ரேகை தெளிந்ததும் ஆதார் மையத்தில் புதுப்பித்துவிடுங்கள், பழைய பதிவே கறுத்த விரலில் எடுத்ததாக இருக்கலாம்.